மேல வாங்க, டீச்சர்

தை 14, திங்கள்

இன்னிக்குப் பள்ளிக்கூடம் போகல. விடுப்புல இருக்கேன். இடைநீக்கம்னு யாராவது வாயைத் திறந்தா பல்லைப் பேத்துடுவேன். இது விடுப்பு. தலைமையாசிரியர் அருளானந்தம் சார் தன் வாயாலதான் சொன்னார், ரெண்டு வாரம் ஓய்வெடுங்க திலகவதி டீச்சர், ஊர் வாய் அடங்கட்டும்னு. இருபத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளை ஊர் வாய்க்குப் பயந்து வீட்டுக்கு அனுப்புறாங்க.

இந்த நாட்குறிப்புல செந்தமிழ் எழுதப்போறதில்ல. இருந்த செந்தமிழ் எல்லாம் போன வாரம் எழுதிக்கொடுத்த விளக்கக் கடிதத்துலயே தீந்துபோச்சு. நாலு பக்கம், ஒரு ஒற்றுப்பிழை கிடையாது. இங்க என் வாய்க்கு வந்தபடி எழுதுறேன். திருத்த யாரும் வரப்போறதில்ல.

நடந்தது இதுதான். பத்தாம் வகுப்பு ஆ பிரிவு. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல்ல பெத்தவங்க கையெழுத்துப் போட அன்னிக்குக் கடைசி நாள். எல்லார் வீட்லேர்ந்தும் வந்துட்டாங்க, சங்கவி வீட்ல மட்டும் யாரும் வரல. பக்கத்துக் குப்பத்துப் பொண்ணு அவ. அப்பா எங்கடின்னு கேட்டா, வந்துட்டார், கீழ நிக்கிறார்னு சொன்னா. ரெண்டாவது மாடிலேர்ந்து இந்த முட்டியை வெச்சுக்கிட்டு இறங்கிப் போய்ப் பாத்தேன். ஒரு ஈ காக்கா இல்ல. ஏறி வந்து கேட்டா மறுபடியும் கீழதான்னு சாதிச்சா. மறுபடியும் இறங்கினேன், ஏறினேன். நாற்பது பிள்ளைங்களும் கொல்லுனு சிரிச்சுதுங்க. கன்னத்துல ஒண்ணு விட்டேன். பொய் சொன்னதுக்கு ஒண்ணு, அவ்வளவுதான். அதுக்குக் குப்பத்துலேர்ந்து பத்துப் பேர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துட்டாங்க.

கத்திரிக்காய் வதக்கினேன், அடிப்பிடிச்சுது. சட்டியைத் தேய்ச்சுத் தேய்ச்சு விரல் நகம் உடைஞ்சுது.

தை 15, செவ்வாய்

வீடு பூரா ஒட்டடை அடிச்சேன். ஆசிரியர் அறைலேர்ந்து ஒருத்தர் கூட போன் பண்ணல.

தை 17, வியாழன்

நறுமுகைக்கும் எனக்கும் சண்டை. என் மக. ஐ.டி. கம்பெனியில வேலை, வாரத்துல மூணு நாள் வீட்லேர்ந்தே பாக்குறா. நான் பாத்திரம் கழுவுற சத்தம் அவ மீட்டிங்ல எல்லாருக்கும் கேக்குதாம். பெங்களூர்லேர்ந்து ஒருத்தன், உங்க வீட்ல கட்டட வேலை நடக்குதான்னு கேட்டானாம். கேக்கட்டுமே. என் வீடு, என் பாத்திரம்.

அவ சும்மா இருக்காம மாமல்லபுரம் தாண்டி ஏதோ குப்பத்துல சர்ஃபிங் கத்துக்கத் தன் பேருக்குப் போட்டு வெச்சிருந்த வகுப்பை என் பேருக்கு மாத்திட்டா. மூணு வகுப்பு. "நீ கடலைப் போய் அடிம்மா. அது யார்கிட்டயும் புகார் கொடுக்காது"ன்னா. பெத்த பொண்ணு பேசுற பேச்சா இது?

நான் குளித்தலையில காவிரியில நீந்தி வளந்தவ. ஆடிப்பெருக்குத் தண்ணியில அக்கரை போய்த் திரும்பினவ. எனக்குக் கடலைக் காட்டிப் பயமுறுத்துறாளா? போறேன்னு சொல்லிட்டேன். அதுக்கு சர்ஃபிங்னு ஏன் சொல்லணும், அலைச்சறுக்குனு லட்சணமா ஒரு சொல் இருக்குன்னும் சொல்லிட்டேன்.

தை 19, சனி

உடம்புல வலிக்காத இடம் கண் இமை மட்டும்தான்.

சொல்லித்தர்றவன் பேர் தேசப்பன். முப்பது வயசு இருக்கும். அந்தக் குப்பத்துலயே பொறந்து வளந்தவன், காலையில அண்ணனோட வலைக்குப் போயிட்டு வந்து எட்டு மணிக்கு வகுப்பு எடுக்குறான். என்னைப் பாத்ததும் "வாங்க அக்கா"ன்னான். எனக்குத் தம்பி யாரும் இல்ல, டீச்சர்னு கூப்பிடுன்னேன். சிரிச்சுக்கிட்டே "சரிங்க டீச்சர்"ன்னான். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கல.

ஒரு ரப்பர் பனியன் கொடுத்தான். அதுக்கு மேல துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கிட்டேன். துப்பட்டா கால்ல சுத்தும், வேணாம்னான். சுத்தட்டும்னேன். சுத்துச்சு. கழட்டிக் கொடுத்துட்டேன்.

முதல்ல தண்ணி கிடையாது, மணல்ல நிக்கணுமாம். கண்ணை மூடிக்கிட்டு நேரா நில்லுங்கன்னான். நின்னேன். பின்னாடிலேர்ந்து முதுகுல ஒரு தள்ளு தள்ளினான் பாருங்க, கீழ விழாம ஒரு காலை ஊனித் திரும்பிட்டேன். கையும் ஓங்கிட்டேன். பொம்பளையைப் பின்னாடிலேர்ந்து தள்ளுறியான்னு கேட்டேன். அவன் ரெண்டடி பின்னால போயிட்டு, "வலது காலு மொதல்ல போச்சு டீச்சர். பலகையில எந்தக் காலு முன்னாடி வெக்கணும்னு அப்படித்தான் பாப்போம்"ன்னான். அதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? சொன்னா ஜனங்க யோசிச்சுக் காலை வெக்கும், அது சரியா வராதாம். ஓங்கின கையை அப்பறம்தான் இறக்கினேன்.

அப்பறம் பலகையை மணல்ல போட்டுக் குப்புறப் படுக்க வெச்சான். பேடில்ங்கறான், அப்ங்கறான், பேலன்ஸ்ங்கறான். எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. நீ தமிழன்தானே, நான் தமிழச்சிதானே, நடுவுல வெள்ளைக்காரன் எங்க வந்தான், தமிழ்ல சொல்லுன்னேன். வர்றவங்க எல்லாருக்கும் இதுதான் பழக்கம்னான். எனக்கு இது பழக்கமில்ல, தமிழ்ல சொன்னாத்தான் தண்ணியில இறங்குவேன்னேன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, சரி, உங்களுக்கு எங்க பேச்சுலயே சொல்றேன்னான். பேடில்னா கையால தள்ளு. அப்னா எந்திரி. முடிஞ்சுது. இதுக்கா இவ்ளோ நேரம்?

இடுப்பளவு தண்ணியில நுரை அலை வரும்போது என்னைப் பலகையோட தள்ளிவிட்டான். பதினோரு தடவை விழுந்தேன். மூக்கு, காது, வாய் எல்லாத்துலயும் உப்பு. ஒரு தடவை கூட நிக்கல. விழுந்து எழும்போது ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டுத்தான் எழணும், இல்லன்னா நம்ம பலகையே நம்ம மண்டையில அடிக்கும்னு மட்டும் நல்லா சொல்லிக்கொடுத்தான். அதை ஒத்துக்கறேன்.

சுத்தமாப் பிடிக்கல. புதன்கிழமை வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.

தை 20, ஞாயிறு

கையைத் தூக்கித் தலை வார முடியல. நறு வாரிவிட்டா. சிரிப்பை அடக்கிக்கிட்டு வாரினது கண்ணாடியில தெரிஞ்சுது.

அருளானந்தம் சார் போன் பண்ணார். எல்லாம் நல்லபடியா முடியப்போகுதாம். சங்கவி அப்பா நாகூரானைக் கூப்பிட்டுப் பேசிட்டாங்களாம். பொய் சொன்னதுக்கும், ஆசிரியரைக் கேலி பண்ணதுக்கும் பொண்ணு மன்னிப்புக் கடிதம் எழுதி, நாளைக்கு விட்டு அடுத்த திங்கள் காலை வழிபாட்டுக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் வாசிக்கணும். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துக்குள்ள வரக்கூடாது. வாசிக்கலன்னா மாற்றுச் சான்றிதழ். தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கும்போது எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துப்பாங்க? அப்பா கையெழுத்துப் போட்டுட்டார். பொண்ணுதான் முரண்டு பிடிக்குதாம். "நான் பொய் சொல்லல"ன்னு ஒரே வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதாம்.

நெஞ்சழுத்தக்காரி. பொய்யும் சொல்லிட்டு, சொல்லலன்னும் சாதிக்கிறா. அவ வாசிச்ச கையோட நான் வேலையில சேந்துடலாம், தாளாளர் கையெழுத்துப் போட்டுட்டார்னு சார் சொன்னார். ஜூன்ல அவர் ஓய்வு பெறுறார், அடுத்த தலைமையாசிரியை நான்தான், அதுல ஒரு கீறல் கூட விழக்கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடாம். நன்றி சார்னு சொன்னேன்.

இட்லிக்கு மாவு அரைச்சேன்.

தை 22, செவ்வாய்

கூடத்துல பாயைப் போட்டு எந்திரிச்சுப் பழகினேன். நறு கதவைத் திறந்ததும் பாயை உதறுற மாதிரி உதறினேன்.

தை 23, புதன்

எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

இன்னிக்கு அலை கொஞ்சம் பெருசு. தேசப்பன் கரைப்பக்கமா இடுப்பளவு தண்ணியில நின்னான். நான் இன்னும் கொஞ்சம் உள்ள, நெஞ்சளவு தண்ணியில, பலகையைப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு நின்னேன். நானே அலையைப் பாத்து, நானே ஏறி, நானே தள்ளிக்கணும்னு சொல்லியிருந்தான். நாலு தடவை விழுந்துட்டேன். அஞ்சாவது அலைக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போது அவன் கத்தினான்.

"மேல வாங்க டீச்சர். மேல வாங்க."

பலகை மேல ஏறச் சொல்றான்னு ஏறிக் குப்புறப் படுத்தேன். அவன் இன்னும் சத்தமா, ரெண்டு கையையும் வீசிக்கிட்டு, மேல, மேலன்னு கத்தறான். சரி, எந்திரிக்கச் சொல்றான். நுரை வந்து பலகையைத் தூக்குச்சு. கையை ஊனினேன், வலது காலை முன்னாடி போட்டேன், எந்திரிச்சேன்.

நின்னேன். நாற்பத்தெட்டு வயசுல, இந்த முட்டியோட, தண்ணி மேல நின்னேன். மூணு விநாடி இருக்கும். அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, அதை இங்க எழுதியே ஆகணும்.

அப்பறம்தான் முதுகுக்குப் பின்னாடி இன்ஜின் சத்தம் கேட்டுது. மீன்பிடிப் படகு, ஃபைபர் போட்டுங்கறாங்களே அது, வலையோட கரைக்கு வருது. ஒரு அலையைப் பிடிச்சு அதே வேகத்துல மணல்ல ஏத்தணும், நடுவுல நிறுத்த முடியாது. நான் நேரா அது வர்ற வழியில நிக்கிறேன். தேசப்பன் பாய்ஞ்சு வந்து என்னைப் பலகையோட ஒரு பக்கமாத் தள்ளிவிட்டான். நான் தண்ணிக்குள்ள போனேன். தலையைக் கையால மூடிக்கிட்டு எழுந்து பாக்கும்போது போட்டு மணல்ல நிக்குது, அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டு முட்டிபோட்டு உக்காந்திருக்கான். போட்டோட பக்கவாட்டு அவன் தோள்ல அடிச்சிருக்கு.

போட்டுக்காரங்க என்னைத் திட்டின திட்டை எல்லாம் எழுத முடியாது. நான் சும்மா இருப்பேனா? அவங்களை விட்டுட்டு தேசப்பன்கிட்டப் போய்க் கத்தினேன். நீதானே எந்திரிக்கச் சொன்னே, போட்டு வர்றது தெரிஞ்சும் எந்திரிக்கச் சொன்னா நான் செத்திருப்பேனே, உனக்கெல்லாம் யார் வாத்தியார் வேலை கொடுத்ததுன்னு கேட்டேன்.

வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு அவனும் கத்தினான். "எந்திரிக்க எங்க சொன்னேன்? மேல வாங்கன்னேன். கரைக்கு வந்துடுங்கன்னேன். கரைதான மேல? கடல் கீழ. உங்ககிட்ட இங்கிலீஷ் பேசாதன்னு சொன்னது நீங்கதான டீச்சர்?"

ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன். அவனை அவன் அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

தை 24, வியாழன்

ஒண்ணும் இல்ல. ரசம் வெச்சேன். உப்புப் போட மறந்துட்டேன்.

தை 25, வெள்ளி

காலையிலேர்ந்து மூணு தடவை இந்த நோட்டைத் திறந்து மூடிட்டேன். சரி, எழுதிடறேன். யாருக்காக மறைக்கிறேன்?

அன்னிக்கு சங்கவி "வந்துட்டார்"னு சொல்லவே இல்ல. "நிக்கிறார்"னும் சொல்லல. அதெல்லாம் விளக்கக் கடிதத்துல நான் எழுதினது, இந்த நோட்டுலயும் நான் எழுதினது. எழுதும்போது அப்படித்தான் ஞாபகம் இருந்துச்சு. அப்படி ஞாபகம் இருந்தா எனக்கு வசதியா இருந்துச்சுன்னு சொல்றதுதான் சரி.

அவ சொன்னது இது. "அப்பா கீழ போயிருக்காரு மிஸ்."

நான் இறங்கிப் போய்த் தேடிட்டு மூச்சு வாங்க ஏறி வந்து, கீழ எங்கடின்னு கேட்டேன். கீழதான் மிஸ்னு சொன்னா. ரெண்டாவது தடவை ஏறி வந்து, எப்பதான்டி வருவார்னு கேட்டேன். "மேல வந்ததும் நேரா இங்கதான் மிஸ் வருவாரு"ன்னா. அப்பதான் வகுப்பு சிரிச்சுது. அவளைப் பாத்து இல்ல, மாடிக்கும் தரைக்கும் அலைஞ்ச என்னைப் பாத்து. அவ சிரிக்கல. நான் ஏன் இறங்கி இறங்கிப் போறேன்னு அவளுக்குப் புரியவே இல்ல. முழிச்சுக்கிட்டு நின்னா. அந்த முழியைத்தான் திமிர்னு நினைச்சு அறைஞ்சேன்.

அவ அப்பா கடலுக்குப் போயிருந்தார். கடல் கிழக்கால இருக்கு. கரைக்கு வந்ததும் வருவார். கரை மேற்கால இருக்கு. இவ்வளவுதான் அந்தப் பொண்ணு சொன்னது.

குளித்தலை மேலத்தெருவுல பொறந்தவ நான். கீழத்தெருப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. மேல்னா மேற்கு, கீழ்னா கிழக்குன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். போன ஆடி மாசம் இதே வகுப்புக்குக் கரும்பலகையில எழுதிப்போட்டு, ரெண்டு மார்க்குக் கேப்பாங்க, குறிச்சுக்கங்கன்னு சொன்னது யார்? நான்தான். அதை அவ எழுதிக்கவே வேண்டியதில்ல, அவ வீட்ல தினமும் பேசுறாங்க. எனக்கு அது பாடம். பாடத்துக்கு வெளிய ஒரு பொண்ணு வாயிலேர்ந்து அதே தமிழ் வந்தா எனக்குப் பொய்யாக் கேக்குது.

புரியலன்னு சொல்றது கூட ஏமாத்து வேலை. குப்பத்துப் பொண்ணு, அப்பா வரல, அப்ப அவ பொய்தான் சொல்வான்னு மனசுக்குள்ள எப்பவோ முடிவு பண்ணிட்டேன். வேற யாராவது பொண்ணு சொல்லியிருந்தா, என்னம்மா சொல்றேன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். இவளைக் கேக்கல.

எனக்கு என் மேல வர்ற ஆத்திரத்துக்கு இந்த வீட்ல இருக்கற பாத்திரம் பத்தாது.

தை 26, சனி

மூணாவது வகுப்பு இன்னிக்கு. வகுப்புக்குப் போகல, தேசப்பனைப் பாக்கப் போனேன். ஒரு சீப்புப் பழம் வாங்கிட்டுப் போனேன்.

தோள்பட்டை எலும்புல விரிசல். கையைத் தூக்கிக் கழுத்துல கட்டிவிட்டிருக்காங்க. ஆறு வாரத்துக்குத் தண்ணியில இறங்கக் கூடாதாம், வலையும் இழுக்கக் கூடாதாம். பலகைங்களைச் சாத்தி வெச்சிருந்த கொட்டகை நிழல்ல உக்காந்திருந்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க டீச்சர், கடல்னா அடி படறதுதான்"னு சாதாரணமாச் சொன்னான். நாற்காலியைக் கூட இழுத்துப் போட்டான்.

நான் அதோட எழுந்து வந்திருக்கலாம். வரல. உங்க அப்பா வலைக்குப் போயிருந்தா வீட்ல கேக்கறவங்களுக்கு என்ன சொல்வீங்கன்னு கேட்டேன். கீழ போயிருக்காருன்னு சொல்வோம், வேற இன்னா சொல்வோம்னான். அப்பறம் சங்கவி கதை முழுக்கச் சொன்னேன். கையெழுத்து, மன்னிப்புக் கடிதம், திங்கள்கிழமை எல்லாம்.

சொல்லச் சொல்ல அவன் முகம் மாறிடுச்சு. போட்டு அடிச்சபோது கூட அவன் என்னை அப்படிப் பாக்கல. அப்பறம் சொன்னான்.

"என்னைத் திட்டினீங்க, நானும் திருப்பித் திட்டினேன். கணக்கு சரியாப் போச்சு. அந்தப் பொண்ணு உங்களைத் திருப்பித் திட்ட முடியுமா? சொல்லுங்க டீச்சர், முடியுமா?"

திங்கள்கிழமை என்ன பண்றதுன்னு யோசிச்சுட்டு இருக்கேன்னேன். "இதுல யோசிக்க இன்னா இருக்குது?"ன்னு கேட்டான். எனக்குச் சுருக்குனு கோவம் வந்துச்சு. உனக்கென்ன தெரியும், இருபத்திரண்டு வருஷ வேலை, ஜூன்ல பதவி, வேணும்னா அடிச்சேன்னு சொல்லலாம், புரியாம அடிச்சேன்னு ஒரு தமிழாசிரியை எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றதுன்னு கேட்டேன். கேட்டதும் எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

அவன் பழத்தை என் பக்கம் நகத்தி வெச்சான். "மூணாவது கிளாஸுக்கு உங்க பொண்ணை அனுப்புங்க. உங்களை நான் இனிமே தண்ணியில எறக்க மாட்டேன்"ன்னான். தோள் வலியால சொல்லலன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

பழத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பஸ்ல பக்கத்துல இருந்த அம்மாகிட்டக் கொடுத்துட்டேன்.

தை 27, ஞாயிறு

அருளானந்தம் சாருக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். கீழன்னா கடல் சார், அந்தப் பொண்ணு பொய் சொல்லல, நாளைக்கு அந்தக் கடிதம் வாசிக்கறதை நிறுத்துங்கன்னு சொன்னேன். திடுக்கிடுவார்னு நினைச்சேன்.

"தெரியும் டீச்சர்"ன்னார். "அவங்க அப்பா முதல் நாளே சொன்னார். அது உங்க குப்பத்துப் பேச்சு, பள்ளிக்கூடத்துல ஒழுங்காத் தமிழ் பேசச் சொல்லுங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். இப்ப நீங்க இதை எழுத்துல கொண்டுவராதீங்க. உங்களுக்குத்தான் கெட்ட பேர்."

ஒழுங்காத் தமிழ் பேசணுமாம். கையில இருந்த போனைச் சுவத்துல அடிச்சிருப்பேன், நறு வாங்கிட்டா. ரெண்டு வாரமா இந்த மனுஷனுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஒரு மீன்பிடிக்கிற மனுஷனை உக்கார வெச்சு, என் பொண்ணு பொய்க்காரின்னு கையெழுத்து வாங்கியிருக்கார். போன வாரம் அதுக்கு நான் நன்றி சார்னு சொல்லியிருக்கேன்.

நறுகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ திட்டுவான்னு பாத்தேன். என் புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வெச்சா.

தை 28, திங்கள்

என்னைப் பத்து மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தாங்க, பொண்ணு வாசிச்சு முடிச்சப்பறம். எட்டே முக்காலுக்கே போயிட்டேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கறதா வேண்டாமான்னு முழிச்சான். நானே தள்ளிக்கிட்டு உள்ள போனேன்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிஞ்சுது. மேடைக்குப் பக்கத்துல சங்கவி நின்னா, ரெட்டைப் பின்னல், கையில தாள். அவ அப்பா வேப்பமரத்துக்கிட்ட, சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டு, தரையைப் பாத்துக்கிட்டு நின்னார். அவ அவர் பக்கம் திரும்பவே இல்ல. கையெழுத்துப் போட்டதுலேர்ந்து அப்பாகிட்டப் பேசறதில்லைன்னு அப்பறம் தெரிஞ்சுது.

சார் அவ பேரைக் கூப்பிடறதுக்குள்ள நான் மேடையேறி மைக்கைப் பிடிச்சுட்டேன். வேண்டாம் டீச்சர்னு சார் என் காதுக்குள்ள சொன்னார். கேக்கல.

"சங்கவி பொய் சொல்லல. யாரையும் கேலி பண்ணல. அப்பா கீழ போயிருக்கார்னா கடலுக்குப் போயிருக்கார்னு அர்த்தம். அது நல்ல தமிழ். எனக்குத்தான் புரியல, புரியாம அவளை அடிச்சேன். அப்பறம் அவ சொல்லாததை எல்லாம் சொன்னதா எழுதிக் கொடுத்தேன். பொய் சொன்னது நான்."

பாதியிலயே மைக்கை அணைச்சுட்டாங்க. அதனால என்ன? அறுபது பேர் வகுப்புலயும் கடைசி பெஞ்சுக்குக் கேக்கற குரல் எனக்கு. அணைச்சப்பறம் சொன்னதுதான் இன்னும் நல்லாக் கேட்டிருக்கும். பிள்ளைங்க ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்பறம் ஒரே சலசலப்பு. விளையாட்டு சார் விசில் ஊதினார், யாரும் அடங்கல. அருளானந்தம் சார் முகத்தை நான் பாக்கல. ஜூன்ல யார் தலைமையாசிரியைன்னு இனிமே அவங்க பாடு.

மேடையை விட்டு இறங்கி அவகிட்டப் போனேன். அவ நேரா கொடிக்கம்பத்தைப் பாத்துக்கிட்டு நின்னா. பக்கத்துல நின்னு சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்மா, உன்னைக் கேக்காம அடிச்சுட்டேன், மன்னிச்சுடு, இன்னிக்கே வகுப்புக்கு வாம்மான்னு சொன்னேன்.

அவ திரும்பக்கூட இல்ல. கண் கூட அசையல. எனக்குச் சட்டுனு உள்ள ஆத்திரம் ஏறுச்சு. இவ்ளோ பேர் முன்னாடி என் மானத்தை நானே வாங்கிக்கிட்டு, இவ முன்னாடி வந்து நின்னு கெஞ்சறேன், ஒரு பார்வை பாக்கறாளா, என்ன நெஞ்சழுத்தம்னு தோணுச்சு. ஆமா, அப்பவும் தோணுச்சு. எழுதி வெக்கிறேன்.

என் நிழல் அவ கால்ல விழுந்திருக்கணும். குனிஞ்சு பாத்துட்டுத் திரும்பினா. நான் அங்க நிக்கறதையே அப்பதான் கவனிச்ச மாதிரி இருந்துச்சு.

"பேசினீங்களா மிஸ்? இந்தக் காது கேக்கல. அன்னிலேர்ந்து கேக்கல. அந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

சுத்தி வந்தேன். அவ வலப்பக்கமா நின்னு, முதல்லேர்ந்து சொன்னேன்.